எண்ணெய் வித்துக்களை ஆட்டுதல்: செக்கும் திருகு யந்திரமும்

தமிழ்நாட்டின் புன்செய் நிலங்களில் எள் மிகப் பழமையான பயிர். நிலக்கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. எனினும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தென்னார்க்காட்டுப் பிரதேசத்தில் வெகுவாய்ப் பெருகி, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாய்ப் பிரான்சு தேசத்து மார்ஸேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அவ்வாறு மூட்டை மூட்டையாய்ப் போன கடலையோடு எண்ணெய் மட்டுமன்றிப் பிண்ணாக்கும் கடல் கடந்து போயிற்று. இந்திய விவசாயத்தை நேரில் பார்வையிட்டு 1893-ல் அறிக்கை வெளியிட்ட ஜான் அகஸ்டஸ் வோயல்க்கர் என்னும் இரசாயன நிபுணர், எண்ணெய் வித்துக்களை வித்தாகவே வெளியே அனுப்புவதால் நிலத்தின் சாரம் வெளியேறுகிறதென எச்சரித்தார்.

அவர் கூறியதன் உண்மை எளிதில் விளங்கும். எண்ணெயில் அடங்கிய பொருள்கள் யாவும் பயிருக்குக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைப்பவையே. பயிர் நிலத்திலிருந்து உறிஞ்சிய மணிச்சத்தும் சாம்பற்சத்தும், அதனோடு தழைச்சத்தும், பிண்ணாக்கிலேயே தங்குகின்றன. ஆகவே எண்ணெயை விற்பவன் நிலத்தின் வளத்தை விற்பதில்லை. வித்தை விற்பவன் அதையும் சேர்த்தே விற்றுவிடுகிறான். களத்து மேட்டிலேயே காயை அளந்து கொடுத்துவிட்டு, பிறகு எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் கடைக்குச் செல்லும் குடியானவர் இதைச் சிந்திப்பது நலம்.

மின்சார மோட்டார் பொருத்திய மரச்செக்குகள் 2010ஆம் ஆண்டுக்குப் பிறகு பல ஊர்களில் தோன்றிக் கூலிக்கு ஆட்டித் தருகின்றன. சிறு திருகு யந்திரங்களும் விற்பனைக்கு வந்துள்ளன. இக்கருவிகள் வேலை செய்யும் விதம், அவற்றால் கிடைக்கும் எண்ணெயின் அளவு, ஆட்டுவதற்கு முன்னும் பின்னும் கொள்ளவேண்டிய ஜாக்கிரதைகள் ஆகியவை கீழே விவரிக்கப்படுகின்றன.

வித்தினுள் எண்ணெய் இருக்கும் விதம்

நன்கு முற்றிய நிலக்கடலைப் பருப்பில் 100-க்கு 45 முதல் 50 பங்கு வரையில் எண்ணெய் உண்டு. எள்ளிலும் ஆமணக்கிலும் ஏறக்குறைய இதே அளவும், நன்கு உலர்ந்த கொப்பரையில் 60 பங்குக்கு மேலும் உண்டு. பருத்திக் கொட்டையில் 15 முதல் 20 பங்கே இருப்பதால் அது செக்குக்கு ஏற்றதன்று.

இவ்வெண்ணெய் வித்தில் தேங்கி நிற்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அறைகளுக்குள், அதனினும் நுண்ணிய துளிகளாய்ப் புரதப் பொருளோடு கலந்து கிடக்கிறது. எனவே, வித்தை வெறுமனே அழுத்தினால் எண்ணெய் வாராது. முதலில் அறைகளின் சுவர்கள் உடைய வேண்டும். இரண்டாவதாகச் சிறுதுளிகள் ஒன்றுகூட வேண்டும். மூன்றாவதாகக் கூடிய எண்ணெய் வெளியேற அழுத்தமும் வழியும் வேண்டும். அரைப்பதால் சுவர் உடைகிறது. உஷ்ணத்தால் எண்ணெய் இளகி எளிதில் ஓடுகிறது. அளவான ஈரம் புரதத்தை ஊறச்செய்து, எண்ணெயை அதன் பிடியிலிருந்து விடுவிக்கிறது. செக்காயினும் யந்திரமாயினும் இம்மூன்று காரியங்களையும் செய்தே தீரவேண்டும்.

செக்கு

செக்கு என்பது பெரிய உரலும், அதனுள் சாய்ந்து நின்று அரைக்கும் உலக்கையும் சேர்ந்த கருவி. மாட்டுச் செக்கில் உலக்கையின் மேல்முனை, பாரம் ஏற்றிய பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். மாடு வட்டமாய்ச் சுற்றுகையில் பாரத்தின் அழுத்தம் உலக்கை வழியே உரலின் உட்சுவரில் விழும். இடையில் சிக்கிய வித்து முதலில் நொறுங்கி, பின்பு மாவாய் அரைபட்டு, முடிவில் பிழியப்படுகிறது. உடைத்தல், அரைத்தல், பிழிதல் என்னும் மூன்று வேலைகளும் ஒரே பாண்டத்தில் நடைபெறுவதே இதன் சிறப்பு. மோட்டாரால் ஓடும் செக்குகள் பலவற்றில் உரலே சுழல, உலக்கை நிலையாய் நிற்கும், தத்துவம் ஒன்றே.

வித்து நன்றாய் மசிந்த தறுவாயில் செக்கு ஆட்டுபவர் சிறிது தண்ணீர் தெளிப்பது வழக்கம். இது கலப்படம் என்று சிலர் எண்ணுவது தவறு. தெளித்த நீரைப் புரதப் பொருள் உறிஞ்சிப் பருத்து எண்ணெயை வெளியே தள்ளுகிறது. சக்கை ஒன்றோடொன்று பற்றிப் பிண்ணாக்காய்த் திரள்கிறது. எள்ளாட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதும் சக்கை திரண்டு எண்ணெய் பிரிவதற்கு உதவுகிறது. எண்ணெய்க்கு இனிய மணமும் உண்டாகிறது. நீர் குறைந்தால் சக்கை பொடியாய் உதிர்ந்து எண்ணெயைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நீர் மிகுந்தாலோ எண்ணெயும் நீரும் கலந்து குழம்பி, தெளியாமல் விரைவில் கெடும். சரியான பதம் ஆட்டுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஒரே செக்கில், ஒரே கடலையில், இருவர் எடுக்கும் எண்ணெய் வேறுபடுவதன் காரணம் இதுவே.

செக்கைச் சீர்திருத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. 1934-ல் நிறுவப்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் சார்பில், வார்தாவிலுள்ள மகன்வாடியில் ஜவேர்பாய் படேல் என்பவர் ஆராய்ச்சி செய்து, வார்தா செக்கு என்னும் திருத்திய அமைப்பை உருவாக்கினார். ஒரு தடவை கொள்ளும் வித்தின் அளவை மிகுத்து, ஆட்டும் நேரத்தைக் குறைப்பது அதன் நோக்கம்.

செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் பொதுவாய் 100-க்கு 10 முதல் 12 பங்கு வரையில் எண்ணெய் தங்கிவிடும். கைப்பழக்கம் போதாத இடத்தில் இதற்கு மேலும் தங்கும்.

திருகு யந்திரம்

ஜோஸப் பிரமா என்னும் ஆங்கிலேயர் 1795-ல் நீரழுத்த யந்திரத்துக்கு உரிமை பெற்றார். பின்னர் அம்முறை எண்ணெய் ஆலைகளிலும் பரவிற்று. அதில் வித்தை அரைத்துச் சூடாக்கி, துணியில் பொதிந்து, தட்டுகளுக்கிடையே அடுக்கிப் பிழிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிரப்பவும் கழற்றவும் ஆள் தேவை. இடைவிடாமல் ஓடும் திருகு யந்திரத்தை 1900-ல் அமெரிக்காவில் வாலேரியஸ் ஆண்டர்சன் என்பவர் அமைத்தார். அதற்கு அவர் இட்ட எக்ஸ்பெல்லர் என்னும் பெயரே நாளடைவில் அவ்வகை யந்திரங்கள் அனைத்துக்கும் வழங்கலாயிற்று.

இதன் அமைப்பு கரும்பாலையினின்றும் வேறானது. கனத்த எஃகுப் பட்டைகளை நெருக்கமாய் அடுக்கிய ஒரு கூண்டும், அதனுள் சுழலும் திருகுத் தண்டும் இதன் முக்கிய உறுப்புக்கள். ஒரு முனையில் விழும் வித்தைத் திருகு முன்னோக்கித் தள்ளுகிறது. போகப்போகத் திருகின் மறைகளுக்கும் கூண்டுக்கும் இடையேயுள்ள வெளி குறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. எண்ணெய் பட்டைகளின் இடுக்குகள் வழியே கீழே வடிகிறது. பிண்ணாக்கு மறுமுனையிலுள்ள கூம்பைச் சுற்றி மெல்லிய தகடுகளாய் வெளிவருகிறது. கூம்பை இறுக்கினால் தகடு மெலிந்து எண்ணெய் மிகும். ஆயினும் யந்திரத்தின் பளுவும் உஷ்ணமும் அதற்கேற்ப உயரும்.

இவ்வியந்திரத்தை நடத்துபவர் கவனிக்கவேண்டியவை பல. குளிர்ந்த யந்திரத்தில் எடுத்தவுடன் கூம்பை இறுக்கலாகாது. முதலில் தளரவிட்டுப் பழைய பிண்ணாக்குத் துண்டுகளையோ சிறிதளவு வித்தையோ இட்டு ஓட்டி, கூண்டு சூடேறிய பிறகு சிறிது சிறிதாய் இறுக்க வேண்டும். தோல் நீக்கிய கடலைப் பருப்பு மிக மெதுவாதலால், திருகைப் பற்றாமல் களிபோல் வழுக்கிச் சுழலும். பருப்போடு சிறிதளவு ஓட்டுத் துண்டுகளைக் கலந்தால் பிடிப்பு உண்டாகும். ஈரம் மிகுந்த பருப்பும் இவ்வாறே வழுக்கும். அளவுக்கு மேல் காய்ந்த பருப்போ பொடியாகி எண்ணெயோடு கசடாய் வடியும். வேலை முடிந்ததும் உலர்ந்த பிண்ணாக்கை இட்டு ஓட்டி உள்ளிருப்பதை வெளியேற்றாவிடில், அது கூண்டினுள் இறுகி மறுநாள் யந்திரத்தைச் சுழலவொட்டாது.

நன்றாய் நடத்தப்படும் திருகு யந்திரத்துப் பிண்ணாக்கில் தங்கும் எண்ணெய் 100-க்கு 6 முதல் 8 பங்கே. இதையும் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் பெரிய ஆலைகள் 1 பங்குக்கும் கீழே குறைத்துவிடுகின்றன. அம்முறை பெருமூலதனமும் தீ விபத்துக்குத் தக்க பாதுகாப்பும் வேண்டுவதாகலின் கிராமத்துக்கு ஏற்றதன்று.

எண்ணெய்க் கணக்கு

பிண்ணாக்கில் தங்கும் எண்ணெயின் அளவு தெரிந்தால், கிடைக்கவேண்டிய எண்ணெயைக் குடியானவர் தாமே கணக்கிடலாம். 100 கிலோ கடலைப் பருப்பில் 48 கிலோ எண்ணெய் இருப்பதாய்க் கொள்வோமாயின், எஞ்சிய 52 கிலோ சக்கை. சக்கையின் எடை எம்முறையிலும் மாறாது. அதனோடு ஒட்டிக்கொண்டு போகும் எண்ணெயே மாறுகிறது.

பிண்ணாக்கில் 12 பங்கு எண்ணெய் தங்கும் செக்கில்: பிண்ணாக்கு சுமார் 59 கிலோ, எண்ணெய் சுமார் 41 கிலோ.

பிண்ணாக்கில் 7 பங்கு தங்கும் திருகு யந்திரத்தில்: பிண்ணாக்கு சுமார் 56 கிலோ, எண்ணெய் சுமார் 44 கிலோ.

பிண்ணாக்கில் 1 பங்கு தங்கும் கரைப்பான் முறையில்: பிண்ணாக்கு சுமார் 52½ கிலோ, எண்ணெய் சுமார் 47½ கிலோ.

ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை சுமார் 910 கிராம் ஆகையால், 41 கிலோ எண்ணெய் 45 லிட்டராகும். கசடாலும் பாண்டங்களில் ஒட்டுவதாலும் நேரும் நஷ்டத்தையும், சேர்த்த தண்ணீரால் பிண்ணாக்கின் எடை கூடுவதையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே நடைமுறையில் எண்ணெய் சற்றுக் குறையும். ஆயினும், 48 பங்கு எண்ணெயுள்ள பருப்பில் 100 கிலோவுக்கு 35 கிலோ மட்டும் கிடைத்தால், ஆட்டியவரிடத்தோ கருவியினிடத்தோ குறை உண்டென்பது திண்ணம். கூலிக்கு ஆட்டுமிடத்தில் பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு மூன்றையும் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

காயாகக் கணக்கிடுவோர், 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு தேறும் என்பதை நினைவிற்கொள்க. ஆட்டுவது லாபமா என்பதை அறிய, பருப்பாகவோ காயாகவோ விற்றால் வரும் தொகையோடு உடைகூலி, ஆட்டுகூலி, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கூட்டி ஒருபுறம் வைக்க வேண்டும். எண்ணெயின் விலையையும் பிண்ணாக்கின் விலையையும் கூட்டி மறுபுறம் வைக்க வேண்டும். பிண்ணாக்கை விட்டுவிட்டு எண்ணெய் விலையை மட்டும் பார்ப்பவருக்கு ஆட்டுவது நஷ்டமாய்த் தோன்றும். பாதிக்கு மேற்பட்ட எடை பிண்ணாக்கே என்பதை மறக்கலாகாது.

பூசண விஷம்

நல்ல காயை விற்பனைக்கு ஒதுக்கிவிட்டு, சுருங்கியதும் புழுத்ததும் பூசணம் பூத்ததுமான கழிவுப் பருப்பை எண்ணெய்க்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆட்டிவிட்டால் எல்லாம் எண்ணெய்தானே என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். இதைவிட ஆபத்தான எண்ணம் வேறில்லை.

1960-ல் இங்கிலாந்தில் 1,00,000-க்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், அவற்றின் தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூசணம் ஒன்று உண்டாக்கிய விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்பது அப்பூசணத்தின் பெயர். விஷம் அஃப்ளடாக்ஸின் எனப்பட்டது. அது ஈரலைக் கெடுப்பது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதென உறுதிப்பட்டது. சமையலின் உஷ்ணத்தால் அது முற்றிலும் அழிவதில்லை.

ஆட்டும்போது இவ்விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. அப்பிண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் பாலில், சற்றே மாறிய உருவத்தில், அது மறுபடி தோன்றுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாலும் இதற்கு விலக்கன்று. எண்ணெயில் சேர்வது சிறு பகுதியே. எனினும், செக்கெண்ணெயில் மிதக்கும் நுண்ணிய கசடோடு அதுவும் கலந்திருக்கும். பெரிய ஆலைகளில் காரமிட்டுச் சுத்திகரிக்கையில் இது நீங்கிவிடும்; ஊர்ச்செக்கில் அவ்வசதி இல்லை. ஆதலால் செக்கெண்ணெயை விரும்புவோர் பருப்பின் தரத்தில் ஆலைக்காரரைவிட அதிகக் கண்டிப்பாய் இருத்தல் வேண்டும்.

இவ்விஷத்தைத் தடுக்கும் வழி ஆட்டும் இடத்தில் இல்லை. காட்டிலும் களத்திலும் உள்ளது. காய் முற்றும் பருவத்தில் நிலம் வறண்டால் பூசணம் மண்ணிலேயே பற்றும். நீர் வசதியுள்ளோர் அத்தருணத்தில் ஒரு பாய்ச்சல் கொடுப்பது நலம். பிடுங்குகையில் மண்வெட்டி பட்டு உடைந்த காய்களைத் தனியே பிரிக்க வேண்டும். பிடுங்கிய காயைக் குவித்து வைக்காமல் பரப்பி, ஈரம் 100-க்கு 8 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிப்பதும், விரலால் தேய்த்தால் பருப்பின் மேல்தோல் எளிதில் கழல்வதும் நன்கு உலர்ந்ததன் அடையாளங்கள். யந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கக் காயின்மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வாறு நனைந்த பருப்பை மறுபடி உலர்த்தாமல் மூட்டை கட்டினால் பூசணத்துக்கு விருந்து வைத்ததாகும். எள்ளை அறுத்து அட்டி போட்டிருக்கையில் மழை நனைத்தாலும் இவ்வாறே கேடு உண்டு.

ஆட்டுவதற்கு முன் பருப்பை முறத்தில் பரப்பி, நிறம் மாறியது, சுருங்கியது, துளைபட்டது, முளைத்தது, பூசணம் பூத்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். பொறுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் இடலாகாது.

எண்ணெயைப் பேணுதல்

புதிதாய் ஆட்டிய எண்ணெய் கசடும் சிறிது ஈரமும் கலந்து கலங்கலாய் இருக்கும். மூன்று நான்கு நாள் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மெதுவாய் வடித்து, அடர்ந்த வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்ட வேண்டும். எண்ணெய் விரைவில் காறிப்போவதற்கு முக்கிய காரணம் இம்மண்டியே.

ஈரம் போகவேண்டி எண்ணெயை வெயிலில் வைப்பது வழக்கம். ஈரம் குறையுமாயினும், வெளிச்சமும் காற்றும் உஷ்ணமும் சேர்ந்து காறலை விரைவுபடுத்தும். ஆகையால் நீண்டநேரம் வெயிலில் விடாதிருப்பது நன்று. செம்பு, பித்தளைப் பாண்டங்களில் எண்ணெயைச் சேமித்தல் கூடாது. செம்பின் அம்சம் சிறிது கலந்தாலும் எண்ணெய் கெடும். எவர்சில்வர்ப் பாண்டம் ஏற்றது. பாண்டம் உலர்ந்திருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பி, மூடி, இருண்ட இடத்தில் வைக்க வேண்டும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே காறலைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அதனால் அது கடலை எண்ணெயைவிட நெடுநாள் நிற்கும்.

மணத்தையும் சுவையையும் காக்கும் வகையில் செக்கெண்ணெய்க்கு மேன்மை உண்டு. ஆயினும், செக்கில் ஆட்டியது என்பதனால் மட்டும் கெட்ட பருப்பு நல்ல எண்ணெயாய் மாறிவிடாது. எண்ணெயை விற்க எண்ணுவோர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும்.

பிண்ணாக்கு

திருகு யந்திரத்துப் பிண்ணாக்கு சூடாய் வெளிவரும். அதை உடனே மூட்டையிட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பற்றும். பரப்பி ஆறவைத்த பிறகே கட்ட வேண்டும். செக்குப் பிண்ணாக்கிலோ தெளித்த தண்ணீரின் ஈரம் நிற்பதால், அதை உடைத்து வெயிலில் நன்றாய் உலர்த்தியாக வேண்டும். இரண்டும் எண்ணெய் தங்கியவையாதலால் நெடுநாள் வைத்தால் காறும்.

கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து 100-க்கு 7 பங்குக்குக் குறையாது. 56 கிலோ பிண்ணாக்கில் ஏறக்குறைய 4 கிலோ தழைச்சத்து அடங்கும். அது 8½ கிலோ யூரியாவிலுள்ள தழைச்சத்துக்குச் சமம். ஆயினும் நல்ல கடலைப் பிண்ணாக்கை நேரே நிலத்துக்கு இடுவதைவிட, மாட்டுக்குக் கொடுத்துச் சாணத்தையும் மூத்திரத்தையும் வீணாக்காமல் எருவாக்குவது இரட்டை லாபம்.

வேப்பம் பிண்ணாக்கும் ஆமணக்குப் பிண்ணாக்கும் எருவுக்கே உரியவை. ஆமணக்குப் பிண்ணாக்கிலுள்ள ரிஸின் என்னும் விஷம் கால்நடையைக் கொல்லவல்லது. ஆகவே ஆமணக்கு, வேப்பங்கொட்டை முதலியவற்றை ஆட்டும் செக்கிலோ யந்திரத்திலோ உணவு எண்ணெய் ஆட்டுவதை முற்றிலும் விலக்க வேண்டும். கூலிக்கு ஆட்டக் கொடுப்போர் இதைக் கேட்டறிவது கடமை.

எக்கருவி தகும்?

வீட்டுச் செலவுக்கு ஆண்டுக்குச் சில மூட்டை ஆட்டுவோர் சொந்தமாய்க் கருவி வாங்குவது வீண். கூலிக்குக் கொடுப்பதே சிக்கனம். செக்கெண்ணெயென்றே விரும்பி வாங்குவோர் அருகில் இருப்பின், பலர் கூடி ஒரு மோட்டார் செக்கு வைப்பது தகும். நாள்தோறும் தொடர்ந்து வித்து கிடைக்குமிடத்தில்தான் திருகு யந்திரம் பயன் தரும்; அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அதன் மேன்மை அற்றுப்போம். தேய்ந்த திருகையும் பட்டைகளையும் மாற்றும் செலவையும், அவற்றைச் செப்பனிடத் தெரிந்தவர் அருகில் உண்டா என்பதையும் வாங்குமுன் விசாரித்தறிய வேண்டும்.

சுருக்கம்

1. காயை நன்றாய் உலர்த்துக. உடைக்கையில் நனைத்திருந்தால் பருப்பை மறுபடி உலர்த்துக.

2. பூசணம் பற்றிய பருப்பை எண்ணெய்க்கும் அனுப்பற்க, தீவனத்திலும் சேர்க்கற்க.

3. ஆட்டுமிடத்தில் பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு மூன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்க.

4. ஆமணக்கும் வேம்பும் ஆட்டும் கருவியில் உணவு எண்ணெய் ஆட்டற்க.

5. மண்டியை நீக்கி, உலர்ந்த பாண்டத்தில், வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெயைச் சேமிக்க.

6. பிண்ணாக்கை ஆறவைத்தும் உலர்த்தியும் மூட்டையிடுக. அதை ஊரைவிட்டு வெளியே விற்குமுன், தம் மாட்டுக்கும் நிலத்துக்கும் வேண்டிய அளவைக் கணக்கிட்டு நிறுத்திக்கொள்க.